உதிரிபாகத்தைக் கடைக்கு விடுங்கள்: வீட்டுச் சாமான் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மிக்சி, கிரைண்டர், குக்கர், மின்விசிறி தயாரிக்கும் இந்திய நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும், அவற்றை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஈரோட்டில் மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் விளம்பரங்களில் என் கடையைப் போன்ற இடங்கள் வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. புத்தம் புதிதாக அட்டைப் பெட்டிக்குள் போகும்வரை உங்கள் பொருளை நீங்கள் பார்க்கிறீர்கள். ஏழெட்டு ஆண்டு கழித்து, மஞ்சள் கறையும் கருகிய வாடையுமாக ஒரு கட்டைப்பையில் அது வந்து சேரும் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கிருந்து எழுதுகிறேன்.

சுற்றி வளைக்காமல் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய உதிரிபாகங்களை, உங்கள் சர்வீஸ் சென்டருக்கு மட்டும் என்றில்லாமல், கேட்கிற எந்தக் கடைக்காரருக்கும் எந்த மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் விற்க வேண்டும். அந்த மாடலின் உற்பத்தியை நிறுத்திய பிறகும் பத்து ஆண்டுகளுக்கு விற்க வேண்டும். எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை வாரண்டிக் காலத்துக்குப் பக்கத்திலேயே பெட்டியின்மேல் அச்சிட வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாம் இதற்கான காரணங்கள்தான்.

கப்ளரிலிருந்து தொடங்குகிறேன். மிக்சியின் மேல்புறத்தில் ஜார் உட்காரும் குழியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அது. மோட்டாரின் சுழற்சியை ஜாரின் பிளேடுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. ரப்பரிலோ நைலானிலோ வார்த்திருப்பீர்கள். இரும்பில் செய்திருக்கலாமே என்று பலர் கேட்பார்கள். ஜாருக்குள் கொப்பரைத் துண்டோ, விரலி மஞ்சளோ சிக்கிக்கொண்டு பிளேடு நின்றுவிட்டால் கப்ளரின் பல் உடையும், மோட்டார் பிழைக்கும். இரும்பாக இருந்தால், மோட்டாருக்குள் கம்பி சுற்றிச் சுழலும் பாகமான ஆர்மேச்சர் வெந்துபோகும். விலை மலிந்த பாகம் ஒன்று தன்னைக் கொடுத்து விலை உயர்ந்த பாகத்தைக் காப்பாற்றும்படி யாரோ ஒரு நல்ல பொறியாளர் யோசித்து வைத்த ஏற்பாடு அது. அவருக்கு என் கும்பிடு.

ஆனால் உடைவதற்கென்றே செய்த பாகம் கடையில் கிடைக்காவிட்டால் அந்த ஏற்பாட்டுக்கு என்ன பொருள்? ஒரே நிறுவனத்தின் 500 வாட் மிக்சிக்கு ஒரு கப்ளர், 750 வாட்டுக்கு வேறு ஒன்று. அடுத்த ஆண்டு வரும் மாடலில் பல்லின் எண்ணிக்கை மாறியிருக்கும், இல்லையென்றால் துளையின் அளவு ஒரு மயிரிழை கூடியிருக்கும், அதுவும் இல்லையென்றால் மரை இடவலமாக மாறியிருக்கும். ஏன் மாற்றினீர்கள் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதியைக் கேட்டால் அவருக்கும் தெரியாது. என் கடையில் ஒரு சுவர் முழுக்கக் கப்ளர் டப்பாக்கள். அத்தனையும் வைத்திருந்தும் வாடிக்கையாளர் கொண்டுவரும் மிக்சிக்கு உரியது இல்லை என்று கைவிரிக்க நேர்கிறது.

அண்மையில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஓர் அம்மாள் வந்தார். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, உள்ளே மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கட்டைகூடத் தேயவில்லை. கப்ளர் மட்டும் போயிருந்தது. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் அந்த மாடல் நின்றுவிட்டது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். “இவ்வளவு சின்னச் சாமானுக்குப் போய்ப் புது மிக்சியா தம்பி?” என்று என்னைக் கேட்டார். வேறு மாடலின் கப்ளரைக் கடைசல் பட்டறையில் கொடுத்துத் துளையைச் சரிசெய்து மாட்டிக் கொடுத்தேன். ஓடுகிறது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த விஷயத்தில் உங்களில் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது மற்றவர்களுக்கு நற்சான்று கொடுத்ததாகிவிடும்.

நீங்கள் மறந்திருக்கக்கூடிய ஒரு கதையை நினைவூட்டுகிறேன். இந்திய மிக்சி பிறந்ததே பழுதுபார்க்க முடியாமல் போன ஒரு வெளிநாட்டு மிக்சியால்தான். 1960களின் தொடக்கத்தில் பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவரின் ஜெர்மன் மிக்சி பழுதாகி நின்றது. அதைச் சரிசெய்ய இங்கே ஆளும் இல்லை, பாகமும் இல்லை. சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த அவருடைய கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர், நம் அடுப்படிக்குத் தாங்கும் மோட்டாரைத் தானே செய்ய இறங்கினார். 1963இல் நிறுவனம் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்ததுதான் சுமீத். பழச்சாறு பிழியவும் முட்டை அடிக்கவும் செய்த வெளிநாட்டு மோட்டார், ஊறிய உளுந்தையும் காய்ந்த மிளகாயையும் பார்த்ததும் புகைவிட்டது. சுமீத் புகைவிடவில்லை. ஒரு தலைமுறைத் திருமணச் சீர்வரிசையில் அந்தப் பெயர் இடம்பிடித்தது. இன்றும் எப்போதாவது ஒரு சுமீத் என் மேசைக்கு வரும். திறந்தால் எல்லாம் திருகாணி, எல்லாம் கைக்கு எட்டும். பசை போட்டு ஒட்டியது எதுவும் இல்லை.

கோவைக்காரர்களுக்கு நான் வரலாறு சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, ஊரில் பஞ்சாலைகள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார்கள். வார்ப்பட்டறையும் கடைசல் பட்டறையும் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையும் தெருவுக்குத் தெரு வந்தன. அந்தச் சூழல் இருந்ததால்தான் 1955இல் சபாபதி என்பவரால் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்ட முடிந்தது. ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து கல், கோவையிலிருந்து மோட்டார், உள்ளூர்ப் பட்டறையில் உருளை. அப்படிப் பிறந்த கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறீர்கள். குறியீடு யாருக்குக் கிடைத்தது என்று நினைக்கிறீர்கள்? செய்யத் தெரிந்தவரும் சரிசெய்யத் தெரிந்தவரும் ஒரே தெருவில் குடியிருந்த ஓர் ஊருக்குக் கிடைத்தது.

பழைய சாய்வு கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் குதிரைத்திறன் மோட்டார், ஒரு பெல்ட், ஒரு புல்லி, கல், உருளை. பெல்ட் அறுந்தால் எண்ணைச் சொல்லி எந்த ஹார்டுவேர் கடையிலும் வாங்கலாம். பேரிங் போனால் அதற்கும் எண். கல் மழுங்கினால் கொத்திக்கொள்ளலாம். “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் குரல் கொடுத்தவர்களின் பிள்ளைகள் சிலர் கிரைண்டர் கல்லையும் கொத்தினார்கள். இருபது இருபத்தைந்து ஆண்டு ஓடிய சாய்வு கிரைண்டர்கள் இன்னும் ஓட்டல் பின்கட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இன்றைய மேசை கிரைண்டரில் கல் என்னவோ அதே கருங்கல்தான், நூறாண்டு தாங்கும். அதைச் சுழற்றும் பிளாஸ்டிக் புல்லி ஐந்தாம் ஆண்டில் விரிசல் விடுகிறது, அந்தப் புல்லி கிடைப்பதில்லை. நூறாண்டுக் கல்லை ஐந்தாண்டு பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள். காயலான் கடைக்காரர்கூடக் கல்லை எடுக்க மாட்டார். வாசலில் பூந்தொட்டியாகக் கிடக்கிறது.

பேரிங்குக்கு எண் உண்டு என்றேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 6202 என்று சொன்னால் போதும். காஷ்மீரில் கேட்டாலும் கன்னியாகுமரியில் கேட்டாலும், எந்த நிறுவனம் செய்திருந்தாலும், உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் எல்லாம் ஒன்றாக இருக்கும். சீலிங் ஃபேனுக்கு வரும் பேரிங்கும் இப்படி எண்ணோடுதான் வருகிறது. பேரிங் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிடவில்லையா? தரத்தில் போட்டியிடுகின்றன, விலையில் போட்டியிடுகின்றன. அளவை மாற்றி வாடிக்கையாளரைக் கட்டிப்போடவில்லை. சைக்கிளும் அப்படித்தான். லூதியானாவில் செய்த பெடலை அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில் மாட்டலாம். விவசாயக் கிணற்றில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டார்கூட நாலு அங்குலம், ஆறு அங்குலம் என்று ஆழ்துளையின் அளவுக்கு ஏற்பத்தான் வருகிறது. எரிந்துபோனால் தாலுகா ஊர் ஒவ்வொன்றிலும் காயில் கட்ட ஆள் உண்டு. மறுநாள் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய விவசாயி காத்திருக்க மாட்டார் என்பது பம்ப் செய்தவர்களுக்குத் தெரியும். சமையலறையில் இருப்பவர் காத்திருப்பார் என்று உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள் பதில் எனக்குத் தெரியும். சங்கக் கூட்டங்களுக்கு வரும் உங்கள் அதிகாரிகள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: பாகத்தை வெளியே விட்டால் போலி பெருகும், போலியால் விபத்து வரும், பழி நிறுவனத்தின்மேல் விழும். இதில் பாதி உண்மை. போலி கேஸ்கெட்டை, போலி ஸ்விட்சை, செம்பு என்று சொல்லி அலுமினியம் சுற்றிய ஆர்மேச்சரை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தச் சிக்கலை உங்களில் ஒருவரே வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்.

டி.டி.கே. பிரெஸ்டீஜின் டி.டி. ஜெகந்நாதன் செய்ததைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் வடமாநிலங்களில் குக்கர்கள் வெடிப்பதாகப் புகார் வந்தது. போய்ப் பார்த்தால் காரணம் போலி சேஃப்டி பிளக். வெயிட்டின் துவாரம் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறும்போது உள்ளே இருக்கும் உலோகம் உருகி நீராவியை வெளிவிட வேண்டும். போலியில் இருந்த உலோகம் உருகவில்லை. “ஒரிஜினல் வாங்கவில்லை, எங்கள் பொறுப்பில்லை” என்று அவர் கைகழுவியிருக்கலாம். பாகத்தைக் கடைக்கே விடாமல் பூட்டியிருக்கவும் செய்யலாம். அவர் மூடியின் விளிம்பில் ஒரு பிளவு வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் ரப்பர் கேஸ்கெட் அந்தப் பிளவின் வழியே பிதுங்கி நீராவியை வெளியே தள்ளிவிடும். சேஃப்டி பிளக் போலியாக இருந்தாலும் குக்கர் வெடிக்காது. மக்கள் எங்கே வாங்குவார்கள், எதை மாட்டுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, அப்படி மாட்டினாலும் ஆபத்து வராதபடி வடிவமைத்தார். இன்றும் குக்கர் கேஸ்கெட்டும் வெயிட்டும் சேஃப்டி பிளக்கும் பாத்திரக் கடையில் கிடைக்கின்றன. பிரெஸ்டீஜ், ஹாக்கின்ஸ் இரண்டுக்கும் உரிய பாகங்கள் கொக்கியில் தொங்குகின்றன. எங்கள் வீட்டுக் குக்கருக்குக் கேஸ்கெட் எத்தனை முறை மாற்றினோம் என்பதற்குக் கணக்கே இல்லை. குக்கர் விற்பனை அதனால் படுத்துவிட்டதா?

அசல் கிடைக்காத இடத்தில்தான் போலி செழிக்கிறது. நீங்கள் நூறு ரூபாய்க்கு அசல் கப்ளரை என் கடைக்கு அனுப்பினால், நாற்பது ரூபாய்ப் போலியை நான் ஏன் மாட்டப் போகிறேன்? வாடிக்கையாளர் மூன்று மாதத்தில் திரும்பி வந்து சத்தம் போடுவது எனக்குத்தானே? இப்போது நிலைமை என்னவென்றால், நாற்பது ரூபாய்ப் போலி இருக்கிறது, நூறு ரூபாய் அசல் இல்லை, நாலாயிரம் ரூபாய்ப் புதுமிக்சி இருக்கிறது.

எங்கள் தொழிலில் அயோக்கியர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. கார்பன் மட்டும் மாற்றிவிட்டு ஆர்மேச்சருக்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் மருந்து உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் பாகங்களின் படத்தையும் விலையையும் ஒயரிங் படத்தையும் வெளியிட்டால், வாடிக்கையாளரே பார்த்துக் கேட்பார், எங்களால் ஏய்க்க முடியாது. இப்போது பெட்டிக்குள் நீங்கள் போடும் சிறு புத்தகத்தில், பல மொழிகளில், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தை அணுகவும் என்ற ஒரே அறிவுரைதான் இருக்கிறது. கூடவே அல்வா செய்முறை.

கார் நிறுவனங்களுக்கு நேர்ந்ததையும் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளிக்கடைகளுக்குக் கொடுக்காமல் அடக்கி வைத்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு பிறகு மேல்முறையீடுகளில் நீண்டது. ஆனால் அந்தத் தீர்ப்பின் கருத்து அப்படியே உங்களுக்கும் பொருந்தும். காரை வாங்கும்வரை வாடிக்கையாளருக்குப் பல கடைகள், வாங்கிய மறுநாளிலிருந்து ஒரே கடை. பாகத்தின் சந்தையில் ஒவ்வொரு நிறுவனமும் தனிக்காட்டு ராஜா. மிக்சி கோடி ரூபாய்ப் பொருள் இல்லை என்பதால் யாரும் வழக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

அரசும் தூங்கவில்லை, கண்ணை மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி ஓர் இணையதளமும் திறந்தார்கள். நிறுவனங்கள் தங்கள் பாகம், சேவை பற்றிய விவரங்களை அதில் வைக்கலாம். உங்களில் சிலர் வைத்தும் இருக்கிறீர்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்தான் வரவேற்கிறது. ஒரு பொருளை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று காட்டும் பழுதுபார்ப்புக் குறியீட்டுக்காக 2024இல் இன்னொரு குழு அமைந்தது, 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. முதலில் கைபேசியும் டேப்லெட்டும் வருகின்றன. மிக்சியின் முறை வருவதற்குள் நான் கடையை மகனிடம் கொடுத்துவிட்டிருப்பேன்.

ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினுக்கு முக்கிய உதிரிபாகங்கள் குறைந்தது பத்து ஆண்டும், ஃபிரிட்ஜுக்கு ஏழு ஆண்டும் கிடைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பிரான்சில் அதே ஆண்டு ஜனவரியிலிருந்து, சில வகைப் பொருள்களின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் அவற்றை எவ்வளவு எளிதாகச் சரிசெய்யலாம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என எழுதி வைக்கிறார்கள். அதனால் அங்கே யாரும் ஆலையை மூடிவிட்டு ஓடவில்லை. சட்டம் வரட்டும் பார்க்கலாம் என்று நீங்கள் இருந்தால், வரும் சட்டம் ஏதோ ஒரு டெல்லி அதிகாரியின் வசதிக்கு வரும். இப்போதே நீங்களாகச் செய்தால் உங்கள் வசதிக்குச் செய்துகொள்ளலாம்.

இந்தச் சமயத்தில் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு வார்த்தை, இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால். 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. அந்தப் பொருள்களைப் பற்றி ஊரில் கேலி நிறைய. என் அனுபவத்தில், கேலிக்கு உரியவை கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கான வீடுகளில் அவை இன்னும் ஓடுகின்றன. ஒரே மாதிரி லட்சக்கணக்கில் வந்ததால் அவற்றின் பாகங்கள் வெளிச்சந்தையில் தாமாகவே வந்துவிட்டன. பத்து ஆண்டுக்கு முந்தைய கடை மாடலுக்குக் கிடைக்காத கப்ளர் அரசு மிக்சிக்குக் கிடைக்கிறது! ஆனால் அன்றைக்கு டெண்டரில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: யார் செய்து கொடுத்தாலும் கப்ளரும் ஜாரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று. அவ்வளவு பெரிய கொள்முதலுக்குப் பிறகு அந்த அளவே நாட்டின் அளவாகியிருக்கும். இனி எந்த அரசு எதைக் கொடுத்தாலும் டெண்டர் எழுதுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

மின்விசிறிக்கு வருகிறேன், ஏனென்றால் வரப்போகும் சிக்கல் அங்கேதான் பெரியது. பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் கெபாசிட்டரை மாற்றுவோம். இரண்டரை மைக்ரோஃபாரட் என்று கேட்டால் மூலைக் கடையில் கிடைக்கும், வீட்டில் கொஞ்சம் விவரம் தெரிந்த பையனே மாற்றிவிடுவான். சத்தம் வந்தால் பேரிங். எரிந்தால் காயில். மொத்தமே மூன்று நோய், மூன்றுக்கும் மருந்து உண்டு. 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கு, மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமானது. மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. மின்விசிறிகள் பெருகின. நல்லதுதான். எழுபது எழுபத்தைந்து வாட் இழுத்த இடத்தில் முப்பது வாட் இழுக்கிறது. மின்கட்டணம் குறைவதை நானும் என் வீட்டில் பார்க்கிறேன், பழைமைதான் நல்லது என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை நான்.

ஆனால் அதற்குள் ஒரு மின்னணுப் பலகை இருக்கிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் ஊரில், கோடை இடி ஒன்று விழுந்தால், முதலில் சாவது அதுதான். அந்தப் பலகையின் மேல் சிலர் பிசினை ஊற்றி மூடிவிடுகிறீர்கள். ஈரமும் தூசியும் புகாமல் இருக்க என்று உங்கள் பொறியாளர் சொல்வார், அதுவும் உண்மைதான். ஆனால் உள்ளே ஐந்து ரூபாய்ச் சாமான் ஒன்று போயிருந்தாலும் எங்களால் தொட முடியாது. பலகையை முழுதாக மாற்ற வேண்டும். பலகையோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, மாடலுக்கு மாடல் வேறு, வெளியில் விற்பனைக்கு இல்லை. வாரண்டி முடிந்த மறு ஆண்டில் ஒரு பலகைக்கு மின்விசிறியின் விலையில் பாதி கேட்டால் யார் மாற்றுவார்? செம்புக் காயிலும் காந்தமும் இறக்கையும் நன்றாக இருக்க, முழுதும் காயலான் கடைக்குப் போகும். மின்சாரத்தைச் சேமித்துவிட்டு மின்விசிறியையே வீணாக்கினால் அந்தச் சேமிப்புக் கணக்கை யார் எழுதுவது? 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் 106 வகைப் பொருள்களைக் கொண்டுவந்து, கழிவைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்திருக்கின்றன. பலகையைத் தனியாக விற்றால் அந்தச் சுமை உங்களுக்கே குறையும்.

இன்னொரு சின்ன விஷயம். மோட்டாரில் சுற்றியிருப்பது செம்பா அலுமினியமா என்று பெட்டியில் எழுதுங்கள். அலுமினியம் போடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. விலை குறையும், சில வேலைகளுக்குப் போதும். ஆனால் அலுமினியக் கம்பியில் இணைப்பு சரியாகப் பிடிக்காது, மறுபடி சுற்றிக் கட்டுவதும் கடினம். வாங்குபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அரிசிப் பையில் எடையும் விலையும் தேதியும் போட்டாக வேண்டும் என்று இருக்கும் நாட்டில், நாலாயிரம் ரூபாய் மிக்சிக்குள் என்ன உலோகம் என்பது ரகசியமாக இருக்கிறது.

நிறுவனங்கள் கைமாறுவதையும் சொல்ல வேண்டும். 1978இல் சென்னையில் தொடங்கிய பிரீத்தியை 2011இல் பிலிப்ஸ் வாங்கியது. 2022இல் பட்டர்ஃபிளை கிராம்ப்டனிடம் போனது. வியாபாரத்தில் இது வழக்கம், இந்த இரண்டு பெயர்களைச் சொன்னதால் அவற்றின்மேல் புகார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது பொதுவான கேள்வி. ஒரு நிறுவனத்தை விற்கும்போது ஆலை, பெயர், கடன், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்கள். பத்தாண்டுக்கு முன் விற்ற மிக்சியின் பாகங்களை வார்க்கும் அச்சு யாரிடம் போகிறது? அந்த வார்ப்பு அச்சை எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு எந்த நீதிமன்றம் சொன்னாலும் பாகம் வராது. விற்பனை ஒப்பந்தத்தில் அச்சுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

பத்து ஆண்டு பாகம் வைத்திருப்பது கிடங்குக்கும் முதலுக்கும் சுமை என்று சிறிய நிறுவனங்கள் சொல்லலாம். நியாயமான வாதம்தான். கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ நாற்பது பேரை வைத்துக் கிரைண்டர் செய்பவரால் பெரிய நிறுவனம் போலக் கிடங்கு கட்ட முடியாது. அவர்களுக்கு ஒரு மாற்று இருக்கிறது: பாகத்தை வைத்திருக்க வேண்டாம், அளவை வெளியிடுங்கள். மாடலை நிறுத்தும் நாளில் அதன் கப்ளர், புல்லி, புஷ், கேஸ்கெட் ஆகியவற்றின் வரைபடத்தை இணையத்தில் போட்டுவிடுங்கள். செய்து விற்க ஆயிரம் பட்டறைகள் இருக்கின்றன. உங்களுக்குச் செலவில்லை. இதைவிட நல்லது, சங்கமாக உட்கார்ந்து இந்தியத் தரநிர்ணய அமைப்போடு பேசி, மிக்சி கப்ளருக்கு மூன்றே மூன்று அளவுகள் என்று தீர்மானிப்பது. மிக்சிக்கு ஐ.எஸ். 4250 என்று ஒரு தரம் ஏற்கெனவே இருக்கிறது. அதோடு சேர்த்துவிடலாம்.

உங்கள் பொறியாளர்களை ஒரு வாரம் எங்களைப் போன்ற கடைகளில் உட்கார வையுங்கள். ஈரோடு வேண்டாம் என்றால் மதுரை, சேலம், எங்கேயாவது. எந்தத் திருகாணி எந்தக் கோணத்தில் இருப்பதால் ஸ்குரூடிரைவர் நுழையவில்லை, எந்த ஒயர் எந்த விளிம்பில் உரசி அறுகிறது, ஜாரிலிருந்து கசியும் தண்ணீர் எந்த வழியாக மோட்டாருக்குள் இறங்குகிறது என்று நாங்கள் காசு வாங்காமல் சொல்வோம். டீயும் வாங்கித் தருவோம்.

பதிலை எனக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை. உங்கள் இணையதளத்தில் மாடல் வாரியாகப் பாகங்களின் படமும் எண்ணும் விலையும் ஏற்றுங்கள், யார் பணம் கட்டினாலும் அனுப்புங்கள். “எந்த மிக்சி வாங்கலாம்?” என்று யாராவது வந்து என்னைக் கேட்காத நாள் கிடையாது. கல்யாண மாதங்களில் குடும்பத்தோடு வந்து கேட்பார்கள். நடிகையை வைத்து நீங்கள் எடுக்கும் விளம்பரத்தைவிட அந்த இரண்டு நிமிடப் பேச்சில் முடிவாகும் விற்பனை அதிகம், உங்கள் டீலர்களை விசாரித்துப் பாருங்கள். பட்டியலை முதலில் வெளியிடும் நிறுவனத்தின் பெயரை, அது எந்த ஊர் நிறுவனமாக இருந்தாலும், கடை வாசல் பலகையில் எழுதி வைப்பதாக இருக்கிறேன். பலகைக்குச் சாயம் வாங்கியாகிவிட்டது.

இப்படிக்கு,
மிக்சி, கிரைண்டர் பழுதுபார்ப்பவர்,
ஈரோடு